ஆறாவது கட்டர்

ரெனிதா வாங்கி வைத்திருந்த ஆறு கட்டர்களில் ஐந்தாவதும் வெள்ளிக்கிழமை உடைந்தது. அவள் மிஷினை நிறுத்தினாள், அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற துண்டைக் குறடால் பிடுங்கினாள், மொட்டைமாடி ஷெட்டின் தகரத்தைப் பார்த்து வீசினாள். கீழ்வீட்டு வேம்புலியம்மாள், "மேல இன்னா நடக்குது, ஊடெல்லாம் மண்ணெண்ண நாத்தம்" என்று குரல் கொடுத்தாள்.

அம்பத்தூரில் அந்த ஷெட்டுக்குள் நிற்பது அவளே கட்டிய சிஎன்சி ரூட்டர். கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின்படி கட்டரை ஓட்டிச் செதுக்குகிற மிஷின். பலகையில் சட்டம், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய மோட்டார்கள், தச்சர்கள் மரம் குடையப் பிடிக்கிற கை ரூட்டர் ஒன்று. மரத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. ஆறு மாதத்தில் தெருவில் பாதி வீட்டுக்குப் பெயர்ப்பலகை போட்டுவிட்டாள். அலுமினியத்தைக் கண்டால் மட்டும் அதற்குக் குளிர்ஜுரம் வந்துவிடுகிறது.

திருமழிசையில் ஒரு கம்பெனி மூன்று வாரத்துக்கு முன் மாதிரிக்கு ஒரு அலுமினியத் தகடு கேட்டிருந்தது. நடுவில் ஒரு பள்ளம், மூலைக்கு ஒரு ஓட்டை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுத்து, அளவும் சரியாக இருந்தால் மாதாமாதம் வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் வானகரத்தில் மசாலாப் பாக்கெட் ஒட்டப் போக வேண்டும். வருகிறேன் என்று அங்கே வாக்கும் கொடுத்தாயிற்று.

மிஷின் அவளுக்குப் புதிதா என்ன? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம், உலோகம் சீவுகிற மில்லிங் மிஷினில் நின்றவள். பீஸை மாட்டுவாள், பச்சைப் பொத்தானை அமுக்குவாள், கழற்றி அளப்பாள். வேகமும் ஆழமும் வைப்பது செட்டர் நாகேந்திரன். எண்கள் இருக்கும் திரைக்குப் பூட்டு, சாவி அவர் சட்டைப் பையில். அங்கிருந்த எட்டுப் பெண்களுக்கும் பச்சைப் பொத்தான்தான். ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அத்த தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப்போற" என்றார். அந்தக் கம்பெனியை மூடியபின் அவர் திருமழிசையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். இந்தத் தகட்டை அளக்கப்போகிறவரும் அவரேதான். செத்தாலும் அவருக்குப் போன் போட்டுக் கேட்கமாட்டேன் என்று இருந்தாள்.

அவளுடைய கணவன் ஜோஸ், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒவ்வொரு கட்டர் உடைந்தபோதும் வந்து எட்டிப் பார்த்து, "மெதுவா உடு ரெனி, உன்னுது பலக மிஷினு" என்றான். போனில் பார்த்த வீடியோக்காரனும் அதையேதான் சொன்னான். அவளும் கேட்டாள். நிமிஷத்துக்கு முந்நூறு மில்லிமீட்டர் நகர்ந்த கட்டரை இருநூறாக்கினாள், நூறாக்கினாள், எழுபதாக்கினாள். குறைக்கக் குறைக்க அலுமினியம் வெல்லப்பாகு மாதிரி இளகிக் கட்டரைச் சுற்றிக்கொண்டது, கட்டர் கிறீச்சிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றியும் அடங்கவில்லை. இதற்குமேல் எப்படித்தான் மெதுவாகப் போவது?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆறாவது கட்டரை மாட்டினாள். ஆழத்தைக் கால் மில்லிக்கு வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் பழைய கிறீச் சத்தம் ஆரம்பித்தது. சீவல் வரவில்லை, சாம்பல் மாதிரிப் பொடிதான் வந்தது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மிஷின்மேல், ஜோஸ்மேல், மசாலாக் கம்பெனிமேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே. உடைந்து தொலையட்டும், இத்தோடு விட்டது சனியன் என்று எழுபதை அழித்துத் தொள்ளாயிரம் என்று அடித்தாள்.

கிறீச் நின்றது. ஒரே சீரான உறுமல். வெள்ளை வெளேரென்று சீவல்கள் தெறித்து அவள் முன்கையில் விழுந்தன. அந்தச் சத்தத்தைப் பதினோரு வருஷம் கேட்டிருக்கிறாள். காதுக்குத் தெரிந்தது கைக்குத்தான் தெரியாமல் போயிற்று. மெதுவாகப் போனபோது கட்டர் வெட்டவே இல்லை, ஒரே இடத்தில் நின்று தேய்த்துச் சூடேற்றியிருக்கிறது. மேலோட்டமாக, ஆனால் வேகமாக ஓட்ட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கா மூன்று வாரம்?

பதினொன்றே காலுக்குத் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜோஸின் ஆட்டோவில் ஏறினாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாகேந்திரன் முன்னால் வைத்தாள்.

அவர் நாலு பக்கமும் அளந்தார். ஓட்டைகளுக்குள் அளவு பார்க்கும் கேஜை விட்டுப் பார்த்தார். "கரெக்டா கீதும்மா. மரச்சட்ட மிஷின்லயா பண்ண?"

"ஆமாண்ணே."

"எத்தினி கட்டர் உடைச்ச?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "அஞ்சு."

அவர் சிரித்துவிட்டார். "அஞ்சுதானா? செட்டிங் கத்துக்கிறப்ப நான் நாப்பது உடைச்சிருப்பேன். இத்த யாரு சொல்லித் தர்றா? உடைச்சி உடைச்சி காதுல வாங்கிக்க வேண்டியதுதான்."

"நாப்பதும் யாரு காசுண்ணே?"

"கம்பெனிதுதான்" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. "திங்கக்கெழம இருவது பீஸ் கொண்டா."

வெளியே ஜோஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தான். "இன்னா ஆச்சு?"

"பாஸு. இருவது பீஸ் கேட்டுகீறாரு."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினுகீற?"

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பதினோரு வருஷத்துல எங்கள ஒரே ஒரு கட்டர் உடைக்க உட்ருக்கலாம்."