மனாசேயின் தாய்மாமன்

போன கிழமை என் மருமகனிடமிருந்து, அக்காவின் மகனிடமிருந்து, வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. அவனுடைய மனைவிக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடி இருவரும் இணையத்தைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தேடுகிற வழியில் தன் பெயரையும் தட்டிப் பார்த்திருக்கிறான். மனாசே: எபிரேய ஆண் பெயர், பழைய கோத்திரம் ஒன்றின் தகப்பன் பெயர், 'மறக்கச் செய்கிறவன்' என்று பொருள். இப்படி வந்ததாம். "மாமா, பெத்த பிள்ளைக்கு ஆராவது மறதி எண்டு பெயர் வைப்பினமோ? அம்மாவைக் கேட்டால் உன்ர மாமாவைக் கேள் எண்டு சிரிக்கிறா" என்று எழுதியிருந்தான்.

அக்கா என்னைக் கைகாட்டியதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலிருந்து, எங்கள் வீடு இருந்த வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அக்காவுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. அதனால் என்னைப் பெற்றது அம்மா, வளர்த்தது அக்கா என்று சொல்லலாம். எண்ணெய் வைத்துத் தலை இழுத்துவிடுவதும், பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை அடிப்பதும், சோற்றில் மீன் முள் பார்த்துத் தருவதும் அவள்தான். கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை செய்தாள். அங்கேயே வேலை செய்த ஒருவரை ஒரு நாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர். அப்பா சத்தம் போடவில்லை. "இந்த வீட்டில இனி அவளின்ர கதை வேண்டாம்" என்று ஒரு வசனம் சொன்னார், அவ்வளவுதான். அதன் பிறகு அக்காவின் கட்டில் கழற்றிக் கட்டப்பட்டுக் குளியலறைக்குப் பக்கத்தில் சாத்தப்பட்டது. நான் முகம் கழுவப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அக்கா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டிலேயே வேதக் கதை நன்றாகத் தெரிந்தவர் அப்பாதான். யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர். நெற்றியில் திருநீற்றோடு போய் உட்கார்ந்து வேதபாடத்தில் முதற்பரிசு வாங்கியவர். பாடம் வேறு, சமயம் வேறு என்பது அவருடைய கட்சி. வேதக்காரரின் கதை வீட்டுக்குள் வரலாம், வேதக்காரர்தான் வரக்கூடாது.

கொழும்பில் கரண்ட் அடிக்கடி போன காலம் அது. பொழுது பட்டதும் லைட் அணைந்தால், கடற்கரைப் பக்கம் பார்த்த பல்கனியில் பாயைப் போட்டு அப்பா கதை சொல்லுவார். அதிகமாகச் சொன்னது ஒரே கதைதான். ஒரு கிழவனுக்குப் பன்னிரண்டு ஆண் பிள்ளைகள். ஒருவன்மேல் மட்டும் செல்லம் கூட. பொறாமை பிடித்த தமையன்மார் அவனைப் பிடித்து வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு, மிருகம் தின்றுவிட்டது என்று தகப்பனிடம் வந்து சொல்கிறார்கள். கிழவன் அழுகிறான். பிள்ளை அந்நிய நாட்டில் மறியலில், சிறைக் கம்பிக்குப் பின்னால் கிடக்கிறான். இந்த இடம் வந்ததும் நான் நித்திரையாகிவிடுவேன். அக்கா அருகில் இருந்து முழுவதும் கேட்பாள். விடிந்ததும் மிச்சம் என்ன என்று கேட்டால், "நித்திரை கொண்டவனுக்குக் கன்றும் ஆண்கன்றுதான்" என்று பழமொழி சொல்லிக் குட்டுவாள். அவள் போனபின் நானும் அப்பாவும் மட்டும் பாயில் இருந்தோம். கதை தொடர்ந்தது. மறியலில் நான் நித்திரையாவதும் தொடர்ந்தது.

அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்த செய்தி அம்மாவுக்கு எப்படியோ வந்துவிட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அம்மா இரண்டும் ஆடிப்போய் நின்றாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் நாள். அன்றைக்குத் தாய்மாமன் அரைநாண் கட்ட வேண்டும். அக்காவுக்கு இருந்த ஒரே சகோதரன் நான். ஆகவே மூன்றாம் வாய்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்த நான் தாய்மாமன் பதவிக்கு உயர்ந்தேன். நான் குழந்தையாய் இருந்தபோது கட்டிய வெள்ளிக் கொடியை அம்மா அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துப் பழப்புளி போட்டு மினுக்கினாள்.

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போய் வருகிறோம் என்று அப்பாவிடம் சொன்னாள். பொய் சொல்லக் கூடாது என்பதற்காக கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட இருக்கும் அந்தக் கோயிலடியில் உண்மையிலேயே இறங்கி, ஓட்டமும் நடையுமாய்க் கும்பிட்டு, திருநீறும் வாங்கிக்கொண்டாள். வழியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்த ஆமிக்காரர் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டபோதும் "கோவிலட்ட, மாத்தயா" என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது. முருகன் அன்றைக்கு எங்களுக்கு நிறைய இடங்களில் உதவினார்.

கொட்டாஞ்சேனையில் அக்கா இருந்தது ஒரு மேல்மாடி வீடு. கீழே இரும்புச் சாமான் கடை. பல்கனி றோட்டைப் பார்த்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் பஸ் தரிப்பும், அதோடு ஒட்டி ஒரு தேத்தண்ணிக் கடையும். அக்கா என்னைக் கட்டிப் பிடித்து உச்சி மோந்து, எண்ணெய் வைக்கவில்லையா என்று கேட்டாள். நான் அழக் கூடாது என்று இருந்தவன், எண்ணெய் என்ற சொல்லில் அழுதுவிட்டேன். அவள் அம்மாவிடம் முதலில் கேட்டது, "அப்பா ஒழுங்காய்ச் சாப்பிடுறாரோ?" என்பதுதான்.

அத்தானின் அம்மா நல்ல மனுசி. அரைநாணுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொட்டு மட்டும் நெற்றியில் வேண்டாம் என்றார். அம்மாவும் அவரும் சற்று நேரம் மரியாதையாக இழுபறிப்பட்டு, கடைசியில் கறுத்தப் பொட்டைப் பிள்ளையின் உள்ளங்காலில் வைப்பதாகச் சமாதானமானார்கள். கண்ணூறு கீழிருந்தும் வரலாம்தானே என்றார் அத்தான். நான் கொடியைக் கட்டினேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

பெயர் மனாசே என்றார்கள். அத்தானின் அம்மாவுக்கே அதில் ஆச்சரியம். தன் புருசனின் பெயரை வைக்கத்தான் அவர் ஆசைப்பட்டிருக்கிறார். அக்காதான் பிடிவாதமாய் இந்தப் பெயரைக் கேட்டாளாம். கலியாணத்துக்கு முன் வேதத்தைத் தொட்டும் பார்க்காத பிள்ளை இந்தப் பெயரை எங்கே பொறுக்கினாள் என்று சபையில் எல்லாரும் கேட்கிறார்களாம். நாங்கள் வெளிக்கிடும்போது அக்கா என்னைப் படியடியில் தனியே மறித்தாள்.

"அப்பா பெயர் கேட்டால் சொல்லு. நான்தான் வைச்சனான் எண்டும் சொல்லு. கேளாட்டில் வாய் திறக்காதை."

வீட்டுக்கு வந்தபோது அப்பா பேப்பரும் கையுமாய் இருந்தார். அம்மா அவருக்குத் திருநீறு கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கோயிலில் சனமா என்று அப்பா என்னைக் கேட்டார். சனம்தான் என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். குரல் தாழ்த்தி, கொடி அளவாய் இருந்ததா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

"பெயர் என்னவாம்?"

"மனாசே. அக்காதான் வைச்சவ."

அடி விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். எழுந்து பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றார். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. அது போய் முடிந்த பிறகு, எனக்கென்றில்லாமல், "அவள் முழுக்கக் கேட்டிருக்கிறாள்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வேதக்காரப் பெயர் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அடுத்தமுறை கரண்ட் போனபோது கதை கேட்டேன். அந்தக் கதை முடிந்துவிட்டது, வேறு கதை சொல்கிறேன் என்றார். மிச்சம் எனக்குச் சொல்லப்படவேயில்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்குத் திடீரென்று பக்தி கூடிவிட்டது. வெள்ளவத்தையில் கூப்பிடு தூரத்தில் கோயில்கள் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் பஸ் ஏறி ஜிந்துப்பிட்டிக்குப் போகத் தொடங்கினார். அந்தப் பக்தியைப் பார்த்து அம்மாவும் நானும் சிரிப்போம். அக்கா வீட்டுக்கு வருவாள், கழற்றிய கட்டில் மறுபடி பூட்டப்படும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனாசே நேர்சரிக்குப் போகத் தொடங்கிய வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அக்கா செத்தவீட்டுக்கு வந்தாள். பேரப்பிள்ளைகள் உடலைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரம், வேதக்காரப் பிள்ளை பிடிக்கலாமோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா ஒருவரையும் கேட்காமல் பந்தத்தை மனாசேயின் கையில் கொடுத்தாள். அவன் அப்பப்பாவா அம்மப்பாவா என்று தெரியாத ஒருவரை நெருப்பு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தபடி சுற்றி வந்தான்.

மருமகனின் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாததால், போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய் அக்காவைக் கேட்டேன். அதே மேல்மாடி வீடுதான். நான் நித்திரை கொண்ட மிச்சக் கதையை அவள் சொன்னாள். அந்தப் பிள்ளை மறியலிலிருந்து வெளியே வந்து பெரிய அதிகாரியாகிறான். மூத்த மகன் பிறந்ததும், தகப்பன் வீட்டு நினைப்பையெல்லாம் கடவுள் மறக்கச் செய்துவிட்டார் என்று சொல்லி அவனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறான்.

"மறந்தவன் அப்பிடி ஒரு பெயர் வைப்பானோடா? ஒவ்வொருக்காப் பிள்ளையைக் கூப்பிடேக்கையும் தேப்பன் வீடுதானே வாயில வரும்" என்றாள் அக்கா. "பிறகு அந்தக் கிழவன் வண்டி ஏறி மகனைப் பார்க்க வாறார். மனாசேயைக் கிட்ட எடுத்துக் கொஞ்சி, இவன் இனி என்ர பிள்ளை எண்டு சொல்லுறார். அப்பாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். பெயரைக் கேட்டால் வருவார் எண்டு நினைச்சன்."

"அவர் வரேல்லையே, அக்கா" என்றேன்.

அவள் பல்கனிக்கு வெளியே கையைக் காட்டினாள். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. "தேத்தண்ணிக் கடை வாசல்ல கிடந்த வாங்கிலதான் அப்பா குந்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையில. பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டு. ஒருநாள் பிள்ளையோட படி இறங்கிப் போனனான். எழும்பி விறுவிறெண்டு நடந்திட்டார். பிறகு ரெண்டு மாதம் காணேல்லை. அதுக்குப் பிறகு நான் கீழ போறேல்லை. இவனைத் தூக்கிக்கொண்டு இதில வந்து நிண்டு, மனாசே, மனாசே எண்டு கூப்பிடுவன். இடுப்பில இருக்கிற பிள்ளைக்கு அவ்வளவு சத்தம் என்னத்துக்கு எண்டு மாமி கேப்பா."

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பொழுது பட்டபின் அப்பா வீட்டுக்கு வருவார். நெற்றி வெறுமையாய் இருக்கும். கோயிலுக்குப் போய்வந்தவர் திருநீறு பூசாமல் வருகிறாரே, வரவர இந்த மனிசனுக்கு மறதி கூடிப்போச்சு என்று அம்மா குறைப்படுவாள். நான் சாமித் தட்டுக்கு ஓடிப்போய்த் திருநீற்றை எடுத்துவருவேன். அப்பா என் உயரத்துக்குக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வார். அப்பாவுக்கு மறதிதான் என்று நானும் நம்பி, மூன்று குறியாய் வடிவாகப் பூசிவிடுவேன்.