ஆளில்லாத வீட்டின் படம்

எண்பதுகளின் கடைசியில், சென்னையிலிருந்து ஒருவர் கழுத்தில் இரண்டு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தொண்டிக்கு வந்தார். பாழாய்ப்போகிற ஊர்களைப் படம் எடுக்கிறாராம். இடிந்த சுவரைப் பார்க்கப் பஸ் ஏறி வந்த மனிதரை அன்றுதான் பார்த்தோம். சென்னையில் அதற்குப் பஞ்சமா என்று எனக்குத் தோன்றியது.

கடைத்தெருவில் எங்கள் வாடகை வீட்டைப் பார்த்ததும் சொக்கிப்போய் நின்றுவிட்டார். பழைய பண்டகசாலை அது. வீட்டுக்காரர் பினாங்கு போனவர், திரும்பவில்லை. கடல்காற்றில் காரை உதிர்ந்து செங்கல் தெரியும். கீழே அய்யாவின் அரிசிக்கடை, மேலே நாங்கள். சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை, வந்தவருக்கு மரியாதையாக அம்மா பிடுங்கப் போனாள். அவர் பதறிவிட்டார். "ஐயோ, அது இருக்கட்டும்மா. அதுதான் அழகே!"

படம் என்றதும் அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் தங்கைக்கும் தலை நிறையப் பூ. அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் வீடு, பிறகு நாங்கள் என்று நினைத்து வெயிலில் காத்திருந்தோம். கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். கடையை மூடச் சொன்னார், அய்யா வியாபாரத்தை விட்டுவிட்டுப் பலகைகளைப் போட்டு மூடினார். கடைசியில் வாசல் கோலம் இடைஞ்சலாக இருக்கிறது என்றார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கோலத்த அழிக்கவா? வீட்ல எழவா விழுந்துருக்கு?" என்று அய்யாவின் காதோரம் சீறினாள்.

"வீடு தேடி வந்தவரு வாய்விட்டுக் கேக்குறாரு. அழிச்சு விடு. காலையில போட்டுக்கிரலாம்," என்றார் அய்யா.

பட்டுச்சேலையோடு குனிந்து, ஈரத்துணியால் துடைத்தாள். அவர் வீட்டை எடுத்தார். எங்களை எடுக்கவில்லை. பிலிம் தீர்ந்துவிட்டதாம். நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கும்பிட்டு விடைபெற்றார்.

சில மாதங்களில் ஒரு வாரப் பத்திரிகையில் எங்கள் வீடு முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே, 'ஆளில்லாத வீடு, எந்நேரமும் விழலாம்' என்று போட்டிருந்தது. அந்தப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி ஓர் அதிகாரி வந்து, வீட்டை இடிக்க வேண்டும் என்றார்.

அய்யாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆளில்லையா? நாங்க என்ன பேயா, பிசாசா? இங்கனதான் குடியிருக்கோம், இங்கனதான் ஏவாரம் பாக்குறோம்!" மாடிக்குக் கூட்டிப்போய், அடுப்பில் கொதிக்கும் உலையைக்கூடக் காட்டினார்.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "ஆளில்லேன்னா மெதுவா இடிச்சுக்கலாம்னு இருந்தேன். உள்ள ஆள் இருக்குன்னு நீங்களே காட்டிட்டீங்க. இனிமே தாமதிச்சா என் தலைதான் உருளும்," என்றார்.

நாங்கள் இருக்கிறோம் என்று நிரூபித்ததற்காகவே எங்களை வெளியேற்றினார்கள்.

டிராக்டரில் அரிசி மூட்டைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பினோம். பூட்டிய கதவை அய்யா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்தாளு பொய் சொல்லலத்தா," என்றார் என்னிடம். "கொஞ்சம் முந்திச் சொல்லிப்புட்டான்."