கைக்குள் இருந்த பொத்தான்

பன்னிரண்டு கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஒன்றரை அடி. மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடி நடைபாதைத் தரையில் மஞ்சள் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில்தான் அந்த அம்மாள் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார். வலது கையில் நாயின் வார், மடியில் அட்டையும் பென்சிலும். எதிர்முனைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு குழந்தை வரும். அதன் கால் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டில் நின்றால் கையை நீட்டி நாயின் தலையைத் தொடலாம்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த முக்காலிக்கு வருமுன் பத்தொன்பது வருடம் அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. நாய்களைக் கண்டு நடுங்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருவது பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கியபோது, குழந்தைகள் மருத்துவர் சாதுவான ஒரு நாயைத் தேடி அலைந்தார். சலவைக்கூடத்தின் சூடான குழாய்க்குக் கீழே கிடந்த கிழட்டு நாயைக் காட்டியவர் இந்த அம்மாள்தான். வேறு யார் வாரைப் பிடித்தாலும் அது எழுந்திருக்காது. அதனால் நாயோடு சேர்த்து இவரையும் மாடிக்கு மாற்றினார்கள்.

நாயின் பெயர் மேனேஜர். வேலை நேரம் முழுக்கத் தூங்கும், சாப்பாட்டு மணி அடித்தால் முதல் ஆளாக நிற்கும் என்பதால் சலவைக்காரப் பெண்கள் வைத்த பெயர். “உனக்கென்னம்மா, மேனேஜரையே வார்ல கட்டி வச்சிருக்க! எங்களுக்கும் ஒரு நாள் லீவு வாங்கிக் குடேன்” என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார்கள். குழந்தைகள் அவரை நாய் ஆன்ட்டி என்றார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

நடைபாதையில் கேமரா வைத்துத் தன் அறையிலிருந்தே பார்க்கும் மருத்துவர் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டார். குழந்தையைத் தொடக்கூடாது. “உன்னால முடிஞ்ச வரைக்கும் வா” என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. முக்கியமாக, குழந்தையின் கை காலியாக இருக்க வேண்டும். பொம்மை, கைக்குட்டை, அம்மாவின் விரல் எதுவும் ஆகாது.

“ஏன் டாக்டரம்மா? பாவம், பிடிச்சுக்க ஒண்ணு வேணாமா?”

“கையில ஒண்ணு இருந்தா, நம்மளக் காப்பாத்தினது அதுதான்னு குழந்தை நம்பும், அக்கா. நாய் ஒண்ணும் பண்ணாதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. பயந்துகிட்டே நிக்கணும். நின்னு, ஒண்ணும் ஆகலையேன்னு தானாக் கண்டுபிடிக்கணும். அதுதான் மருந்து.”

அம்மாள் தலையாட்டினார். விளங்கியது என்றுதான் நினைத்தார்.

முதல் நாற்பது குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை. வாரம் ஒரு முறை நடைபாதை. ஒரு கோடு, இரண்டு கோடு. அழுதவர்கள் உண்டு, வாந்தி எடுத்தவர்கள் உண்டு. முடிவில் இருபத்தைந்து பேர் பன்னிரண்டாவது கோட்டைத் தொட்டார்கள். மருத்துவருக்கு அதில் திருப்திதான். ஆனால் பன்னிரண்டு வாரம் வேலையை விட்டுவிட்டு வர எத்தனை பெற்றோரால் முடியும்? அடுத்த எண்பது பேருக்கு அதையே ஆறு வாரத்தில் முடித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். அந்த எண்பதில் முதலாவதாக வந்தவள் எட்டு வயதுப் பெண்.

தாள்களில் பெயர் எழுதுவதில்லை, எண்தான். அவள் நாற்பத்தொன்று. தானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்: “நாய் ஆன்ட்டி, நாப்பத்தொண்ணு வந்துட்டேன்.” அப்பா பேருந்து ஓட்டுநர். பள்ளிக்குப் போகும் வழியில் நாய் நின்றால் அவள் திரும்பி வீட்டுக்கே ஓடிவிடுவாள். அந்த வருடம் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. முதல் வாரம் மூன்றாவது கோட்டில் நின்றாள். இரண்டாம் வாரமும் மூன்றுதான். அன்று நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த அப்பா அதைப் பார்த்தார்.

“இதுக்குத்தான் டியூட்டிய மாத்திட்டு வந்தேனா? வெக்கமா இல்ல உனக்கு? உன் தம்பி கூட நாய் வாலப் பிடிச்சு இழுக்கறான்.”

அந்தப் பெண் நனைந்த பாவாடையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

அந்த நிற்கும் விதம் அம்மாளுக்குத் தெரியும். அவருடைய மகளும் சின்ன வயதில் அப்படித்தான் நிற்பாள். அவளுக்குப் பூட்டிய அறை என்றால் பயம். கட்டட மேஸ்திரியான அப்பாவுக்கு அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. சாமான் அறையில் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, “கத்தி ஓயட்டும், பயம் தானா தெளியும்” என்று விட்டுவிடுவார். அவர் இருக்கும்போது தாழ்ப்பாளைத் தொட மனைவிக்குத் துணிவு கிடையாது. ஒரு நாள் அம்மாள் கதவுக்கு அடியிலிருந்த சந்தில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டார். சலவைக்கூடத்தில் டாக்டர்களின் கிழிந்த வெள்ளைக் கோட்டுகளைத் தரை துடைக்க வெட்டும்போது எடுத்து வைத்த வெள்ளைப் பொத்தான். “கெட்டியாப் பிடிச்சுக்கடா. இது கையில இருக்கற வரைக்கும் உன்ன ஒண்ணும் பண்ணாது.” உள்ளே கத்தல் நின்றது. பிறகு எத்தனை முறை பூட்டியும் மகள் கத்தவில்லை. கணவர் தன் வைத்தியம் பலித்தது என்று ஊரெல்லாம் சொன்னார். பலித்தது எது என்று மனைவிக்குத்தான் தெரியும். அப்படித்தான் இருபது வருடம் நினைத்திருந்தார்.

மூன்றாம் வாரம், நாற்பத்தொன்றைக் கூப்பிடப் பெஞ்சுக்குப் போனபோது அவளுடைய வலது உள்ளங்கையில் ஒரு பொத்தானை வைத்து விரல்களை மூடினார்.

“இது இருந்தா மேனேஜர் ஒண்ணும் பண்ணமாட்டான். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?”

“டாக்டர்கிட்ட?”

“டாக்டர்கிட்டயும்தான்.”

அன்று ஏழாவது கோடு. ஆறாம் வாரம் பன்னிரண்டு. நாயின் காதுக்குப் பின்னால் இடது கையால் சொறிந்துவிட்டுச் சிரித்தாள். பேருந்து ஓட்டுநர் பெஞ்சிலேயே அழுதார்.

ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்பத்திரண்டுக்கும் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும். பொம்மை கூடாது என்றார்கள், கைக்குட்டை கூடாது என்றார்கள். பொத்தானெல்லாம் ஒரு சாமானா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான் இருந்தது. எண்பதில் எழுபத்தொரு குழந்தைகள் பன்னிரண்டாவது கோட்டை அடைந்தார்கள்.

ஆறு வாரம் போதும். போதும் என்ன, பன்னிரண்டு வாரத்தைவிட ஆறு வாரமே மேல். மருத்துவர் அதை ஒரு மாநாட்டில் வாசித்தார், எழுந்து நின்று கை தட்டினார்கள். முப்பது குழந்தைகள் நல மையங்களில் ஆறு வார முறையைக் கொண்டுவரலாம் என்று சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. இறுதி அறிக்கை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. “நம்ம மேனேஜருக்குத்தான் மாலை போடணும், அக்கா” என்று சிரித்தார்.

அறிக்கை அனுப்ப ஒன்பது நாள் இருக்கும்போது நாற்பத்தொன்று அடிபட்டு வந்து சேர்ந்தாள். பள்ளி வாசலில் ஒரு நாய் நின்றிருக்கிறது. அவள் சட்டைப் பையைத் துழாவியிருக்கிறாள். பொத்தான் இல்லை, சட்டை துவைக்கப் போனபோது அதுவும் போய்விட்டது. திரும்பிப் பார்க்காமல் சாலைக்குள் ஓடினாள். பொருள் கொண்டுபோன ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

“குணமாயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே” என்று பேருந்து ஓட்டுநர் மருத்துவரிடம் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. “அத நம்பித்தானே தனியா அனுப்பினேன்.”

சிகிச்சை முடிந்தபிறகு சிலருக்குப் பயம் திரும்புவது உண்டு, எண்பதில் ஒன்று என்று மருத்துவர் குறித்துக்கொண்டார். வார்டுக்கு வெளியே நின்றிருந்த அம்மாளுக்கு மட்டும் உள்ளே அந்தப் பெண் தன் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பது காதில் விழுந்தது: “என் பொத்தான் எங்க?”

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மூன்று வருட உழைப்பு போகும், மருத்துவரின் பெயர் போகும், தன் வேலையும் போகும். கொடுத்ததில் தப்பில்லை, தொலைத்ததுதான் தப்பு என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு நகரத்தில் வேலை பார்க்கும் மகளிடமிருந்து வழக்கமான போன் வந்தது. பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“சின்ன வயசுல ஒரு பொத்தான் குடுத்தேனே, ஞாபகம் இருக்காடி?”

“ஞாபகமா? பர்சுலயே இருக்கும்மா.”

“இன்னுமா வச்சிருக்க?”

“அது இல்லாம லிப்ட்ல ஏறமாட்டேன். போன மாசம் பர்ச வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். ஆபீஸ் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட முடியல. லீவு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன்.” பிறகு, “முப்பது வயசாகப் போகுது, சிரிக்காதம்மா” என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிஸ்கட் டப்பாவோடு மருத்துவரின் அறைக்குப் போனார். மேசையில் டப்பாவை வைத்துத் திறந்தார். அடியில் கொஞ்சம் பொத்தான்கள் கிடந்தன.

“என்னக்கா இது, தையல் கடை வைக்கப் போறீங்களா?”

அம்மாள் சொன்னார். நின்றுகொண்டே, எதையும் விடாமல்.

மருத்துவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். “எத்தனை பேருக்கு?”

“நாப்பத்தொண்ணுல இருந்து எல்லாருக்கும்.”

மருத்துவர் கணினியைத் திருப்பி நடைபாதைக் கேமராவின் பதிவுகளை ஓடவிட்டார். நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. எழுபது. குழந்தைகள் ஒவ்வொருவராகக் கோடுகளைக் கடந்து வந்தார்கள். எல்லோருக்கும் இடது கை வீசி ஆடியது. எல்லோருக்கும் வலது கை மூடியிருந்தது.

“மூணு வருஷமா முகத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன்” என்றார் மருத்துவர். “கையப் பாக்கவே இல்ல.”

“பாவமா இருந்துச்சு டாக்டரம்மா.”

“எனக்குப் பாவமா இல்லன்னு நினைச்சீங்களா?” முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. உடனே தணிந்தது. “நாளைக்கே முப்பது மையத்துல குழந்தைங்கள ஆறு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கையில எதுவும் இல்லாம. பயம் தெளியாம, பாதி வழியில. ஒவ்வொண்ணும் ரோட்டுல இறங்கி நடக்கும்.”

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். நாற்பத்தொன்றிடம் உண்மையை இந்த அம்மாளே போய்ச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.

கால் கட்டோடு தூக்கிக் கட்டியிருந்தது. நாய் ஆன்ட்டியைக் கண்டதும் அந்தப் பெண் கையை நீட்டினாள், உள்ளங்கை மேல் பக்கமாக.

“வேற கொண்டு வந்தீங்களா?”

“இல்லடா கண்ணு. அது சும்மா பொத்தான். கிழிஞ்ச கோட்டுல இருந்து வெட்டி எடுத்தது.”

“பொய்.”

“நெஜமாத்தான்.”

அவள் யோசித்தாள். “அப்ப மேனேஜர் ஏன் கடிக்கல?”

“அவன் யாரையும் கடிக்கமாட்டான். பொத்தான் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. நீயாத்தான் நடந்து வந்த.”

இது நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அதை அவர் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. நீட்டிய கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அப்ப என்ன ஏமாத்துனீங்களா?”

கேட்டுவிட்டு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள். கட்டில் ஓரத்தில் பேருந்து ஓட்டுநர் நின்றிருந்தார். “போதும்மா, கெளம்புங்க” என்றார்.

அறிக்கையை அனுப்பவில்லை. மாநாட்டில் வாசித்ததைத் திரும்பப் பெறுவதாக மருத்துவர் எழுதினார். எண்பது வீடுகளுக்குக் கடிதம் போனது, மறுபடியும் முதலிலிருந்து வரச் சொல்லி. இதுவரை முப்பத்தாறு வீடுகளிலிருந்துதான் பதில் வந்திருக்கிறது. அம்மாளை வேலையை விட்டு நீக்கவில்லை. பழையபடி சலவைக்கூடத்தில் இருக்கிறார்; கிழிந்த கோட்டுகளை இப்போது பொத்தானோடு சேர்த்தே மூட்டை கட்டிவிடுகிறார். மகள் அந்த நகரத்திலேயே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறாள். போகும்போது பர்ஸை எடுத்துப் போவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மேனேஜரின் வாரைப் பிடிக்க இப்போது ஒரு நர்ஸ் பழகிக்கொண்டிருக்கிறார். பிஸ்கட்டைக் காட்டினால்தான் அது எழுந்திருக்கிறது.

நாற்பத்தொன்றுக்குப் பதினாறாம் தேதி கட்டு பிரிக்கிறார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் முதல் கோட்டில் நிற்க வேண்டும், இந்த முறை பன்னிரண்டு வாரம். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நாய் ஆன்ட்டி அங்கே இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.