வரிசையில் நிற்கும் குடங்கள்

எங்கள் தெருவுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறைதான் குடிநீர் வரும். இன்று காலை வந்தது.

இங்கே ஆள் நிற்க வேண்டியதில்லை. முதல் நாளே குடத்தை வைத்துவிட்டால் இடம் உறுதி.

பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்கு இது தெரியவில்லை. ஒரே ஒரு குடத்துடன் ஆறு மணிக்கே குழாயடியில் நின்றாள். எட்டரைக்குள் பிடித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். விட்டால் இன்னும் பத்து நாள்.

“ஏனம்மிணி, இத்தன கொடம் நிக்கறது கண்ணுக்குத் தெரியலியா?” என்றார் எதிர்வீட்டு சரசு அக்கா.

அவள் இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டி, “பானி... பச்சா,” என்றாள். தண்ணீர், குழந்தைக்கு.

யாரும் குடத்தை நகர்த்தவில்லை. நானும்தான். வரிசையில் என்னுடையவை நான்கு.

கடைசியில் சரசு அக்காவே முனகிக்கொண்டு தன் குடம் ஒன்றை வெளியே எடுத்தார்.

“இங்க வை கண்ணு. அடுத்த வாட்டி மொத நாளே வெச்சுப்போடோணும். ஆராச்சும் இந்தியில சொல்லுங்க அவளுக்கு.”

என் அரைகுறை இந்தியில் நான் சொன்னேன். என் பங்கு அவ்வளவுதான்.

தொழிலாளர் உரிமை பற்றி வாரம் மூன்று பதிவு போடுகிறவன் நான். இந்தப் பதிவுக்கு லைக் போடுகிறவர்கள், உங்கள் தெரு வரிசையில் உங்களுக்கு எத்தனை குடம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.