சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கதவு

விக்டர் போய்விட்டான்.

காலையில் அவன் தம்பி போன் செய்தான். நேற்று சாப்பிட்டுப் படுத்தவன், தூக்கத்திலேயே... நாற்பத்தி நாலு வயசு. மௌலா அலியில் அவன் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன்.

பழைய டீம் ஆட்களுக்கு அவனைத் தெரியும். மற்றவர்களுக்கு... ஆபீஸில் அவன் டெஸ்டர், நான் டெவலப்பர். நான் எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவன் வேலை. அதைக் கொஞ்சம் அதிக சந்தோஷத்தோடு செய்வான், அதுதான் என் கடுப்பு.

அவனுடையது, தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக சிகந்திராபாத் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். "வேணாம்" என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஹைதராபாத் உருதுவில் "நக்கோ"தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குஷாய்குடாவில் இந்த ஃப்ளாட்டை வாங்கிய புதுசு. ரேவதி பிரசவத்துக்குக் கரூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். சமையலறையில் கல்மேடை மட்டும் இருந்தது, பாத்திரமெல்லாம் அதற்குக் கீழே அட்டைப்பெட்டியில்.

போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குழந்தையோட வரும்போது, பால் காய்ச்சற பாத்திரத்த அட்டைப்பெட்டியில தேட வெக்காதீங்க."

பலமாகத் தலையாட்டினேன். ஆனால் ஊரெல்லாம் அபார்ட்மெண்ட் முளைத்துக்கொண்டிருந்த நேரம், கார்பெண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு பேர் வந்து அளவெடுத்தார்கள், அதோடு சரி. குழந்தை பிறந்து அஞ்சாம் மாசம், ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மூன்றே வாரம். நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

ராணிகஞ்சில் மிஷின் கடைக்குத் துணைக்கு விக்டரைக் கூப்பிட்டேன். அவனுக்கும் மரவேலையில் ஆனா ஆவன்னா தெரியாது.

கடை நடுவில் மரம் அறுக்கிற ஒரு டேபிள் சா. இரும்பு மேஜை, அதன் மத்தியில் சுழலும் பிளேடு. எக்ஸெல்லில் பதினொரு மிஷினை வாட்ஸ், ஆர்பிஎம், எடை என்று ஒப்பிட்டு, இதற்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தேன். நேரில் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

எங்கே வைப்பாய் என்று கேட்டான். ஹாலில் என்றேன்.

"எட்டடி ப்ளைவுட்ட இதுல தள்ளணும்னா முன்னாடி எட்டடி, பின்னாடி எட்டடி வேணும். உன் ஹால் எவ்ளோ பா?"

பன்னிரண்டடி.

"நக்கோ."

கடைசியில் வாங்கியது கையில் பிடித்து ஓட்டுகிற சர்குலர் சா. தரையில் தெர்மகோல் விரித்து, அதன் மேல் பலகையைப் படுக்கவைத்து, நேரான அலுமினியப் பட்டையை ஓரத்தில் கிளாம்ப் போட்டால் போதும், மிஷின் அதை ஒட்டியே நேராகப் போகும். கூடவே குழாய்க்குத் துளை வெட்ட ஒரு ஜிக்சா.

கடைக்காரர் கொடுத்த பிளேடையும் விக்டர் விடவில்லை. துண்டுப் பலகை ஒன்றை இரண்டு பிளேடில் அறுத்துக் காட்டச் சொன்னான். இருபத்தி நாலு பல் பிளேடில் ஓரமெல்லாம் பிய்ந்து வந்தது, அறுபது பல் பிளேடில் வழவழவென்று இருந்தது. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாற்றிக் கொடுத்தார்.

அளவெல்லாம் எக்ஸெல்லில் போட்டேன். ஒரே பலகையில் எட்டு கதவு, துளி வேஸ்ட் கிடையாது. விக்டர் மூன்று நாள் லஞ்ச் நேரத்தில் அதை டெஸ்ட் செய்தான். அகலத்தில் பூஜ்யம் போட்டான், மைனஸ் போட்டான், தன் பெயரையே போட்டுப் பார்த்தான். எல்லாம் பாஸ்.

பிளேடுக்கும் ஒரு தடிமன் உண்டு என்பது மட்டும் இரண்டு இன்ஜினியருக்கும் தோன்றவில்லை...

ஒவ்வொரு அறுப்பிலும் மூன்று மில்லிமீட்டர் தூளாகப் போயிருந்தது. ஏழு கதவு கச்சிதம். எட்டாவது, இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அந்த நிறத்தில் வேறு பலகை கடையில் இல்லை. ரேவதி வர நாலு நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

ஆபீஸில் தப்பு யாருடையது என்று நாங்கள் போடாத சண்டை இல்லை. எப்போதும் என் தலையில்தான் கட்டுவான். அன்றைக்கு மரத்தூளில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது என் தப்பு பா. பாஸ் பண்ணது நான்தானே" என்றான்.

மறுநாள் எங்கிருந்தோ ஒரு தேக்குப் பட்டையோடு வந்தான். குறைந்த இடத்தில் அதை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கதவை மாட்டிவிட்டுத்தான் போனான்.

ரேவதி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து பெட்டி தூக்க விக்டரும் கூட வந்திருந்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள், பால் பாத்திரத்தை எடுத்தாள், அடுப்பில் வைத்தாள். அப்புறம்தான் அந்தப் பட்டை அவள் கண்ணில் பட்டது.

"அழகா இருக்கே... ஏன் ஒரு கதவுக்கு மட்டும்?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். விக்டர் முந்திக்கொண்டான். "மீதிக்கும் வரும் சிஸ்டர். ஒண்ணொண்ணா."

அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை... சர்ச் முடிந்து நேராக இங்கே வருவான். ஒழுங்காக அறுத்த கதவைக் கழற்றி, வேண்டுமென்றே இரண்டு சென்டிமீட்டர் குறைத்து, தேக்குப் பட்டையை ஒட்டுவான். அப்புறம் சாப்பாடு, தூக்கம். இப்படி ஆறு கதவு.

கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிற கதவு மட்டும் பாக்கி. சிலிண்டர் தீரட்டும், நகர்த்திவிட்டுச் செய்கிறேன் என்பான். எத்தனை சிலிண்டர் தீர்ந்ததோ. போன மாசம் போனில்கூட, மறக்கவில்லை, வருகிறேன் என்றான்.

வந்ததிலிருந்து சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு இடுப்பில் வந்தவளுக்கு இப்போது ஏழு வயசு. சிலிண்டருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் தெலுங்கில் கேட்டாள், விக்டர் மாமா இனிமேல் வரமாட்டாரே, இந்தக் கதவுக்கு நாமே பட்டை ஒட்டிவிடலாமா என்று.

நக்கோ என்றேன்.

போயிட்டு வா, விக்டர்.