நூறிலிருந்து மூன்று மூன்றாக

இடிக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும், வாய் பிறகு வரும். இறைச்சிக் கிடங்கில் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவன் அவன். குரலுக்காக வைத்த பெயர்தான் இடி. பாதி மாட்டைச் சங்கிலியிலிருந்து மேசைக்கு இறக்கும்போது, "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று அவன்தான் எண்ணுவான். எலும்பு அறுக்கும் மெஷின் போடுகிற கூச்சலில் மற்றது கேட்காவிட்டாலும் அந்த 'ஒண்ணு' மட்டும் காதைக் கிழிக்கும். அது காதில் விழுந்தால் சங்கிலிக்காரன் பிடியை விடுவான், மாடு தொப்பென்று விழும். அங்கே அதுதான் சட்டம்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உடம்பை விட்டுப் போனது, போகிற போக்கில் மூளைக்குள் பஞ்சை அடைத்துவிட்டுப் போனது. பாழாய்ப்போன காய்ச்சல். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கத்தியைத் தேடினான். கூட வேலை செய்கிறவன் பெயர் வாய்க்கு வராது. வராத ஆத்திரத்தில் அவன் சட்டையையே பிடிப்பான். "என்னண்ணே, மேல்மாடி காலியா?" என்று ஒருவன் நக்கலடித்தபோது, கொக்கியை எடுத்து வீசிவிட்டான். அது கேட்டவனின் காதோரம் பறந்துபோய்க் கதவில் குத்தி நின்றது. முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். குறுக்கே விழுந்து தடுத்தது மச்சான்தான். இடியின் பெண்டாட்டிக்கு அண்ணன், பக்கத்து மேசையில் வெட்டுகிறவன்.

"என் பொறுப்புங்க. இன்னொரு தப்பு நடந்தா எங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எண்ணும் வேலையை மட்டும் இடியிடமிருந்து பிடுங்கி மச்சானுக்குக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. தினமும் கொஞ்ச நேரம் மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னாள். மேசைமேல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்ல வேண்டும். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் பெண்டாட்டி வாத்தியாராகிவிட்டாள்.

"கண்ணை மூடுங்க. மேசையில என்ன இருந்துச்சு?"

"சாவி. டம்ளர்."

"இன்னும் இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்டி." டம்ளர் சுவரில் மோதி உருண்டது.

அவள் எடுத்து வந்து மறுபடியும் மேசைமேல் வைத்தாள். "இப்ப டம்ளர் ஒடுங்கிடுச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

ஒருநாள் கை அவள்மீதே ஓங்கிவிட்டது. அவள் நகரவில்லை. "அடிங்க. எதுக்கு அடிச்சீங்கன்னு நாளைக்குக் கடைசியிலேருந்து வரிசையா சொல்லணும், அவ்வளவுதான்." ஓங்கிய கை அப்படியே இறங்கியது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அதற்கப்புறம் சாக்குச் சொல்லாமல் பயிற்சி செய்தான்.

வேலையிலும் விடவில்லை. தொண்ணூத்தேழு என்று ஒரு வெட்டு, தொண்ணூத்தி நாலு என்று ஒரு வெட்டு. முன்னங்கால் பிளக்கும், விலா எலும்பு சிதறும், முகத்தில் ரத்தம் தெறிக்கும், அவன் வாய்க்குள்ளேயே குறைத்துக்கொண்டிருப்பான். நாற்பதைத் தாண்டியதும் எங்கேயாவது வழுக்கிவிடும். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி நூறிலிருந்து ஆரம்பிப்பான்.

அன்றைக்கு வழுக்கவில்லை. முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு, இருபத்தஞ்சு. கத்தி இறங்க இறங்க எண்ணும் இறங்கியது. பத்து, ஏழு, நாலு. சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. குரல் ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு."

பழைய இடி கிடங்கு முழுக்க முழங்கியது.

மச்சான் அப்போது தொங்கிய மாட்டுக்குக் கீழே நின்று, கோணிய கொக்கியை நேராக்கிக்கொண்டிருந்தான். தூணுக்கு மறுபுறம் நின்ற சங்கிலிக்காரனுக்கு அவன் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்தக் குரலுக்கே விட்டுப் பழகிய கை, விட்டுவிட்டது.

பாதி மாடு மச்சான்மேல் விழுந்தது. கொக்கி அவன் தோளில் ஏறி முழங்கை வரைக்கும் கிழித்துக்கொண்டு வந்தது. எலும்பு முறிந்த சத்தம் மெஷின் கூச்சலையும் மீறிக் கேட்டது. இடி ஒரே ஆளாக மாட்டைப் புரட்டித் தள்ளினான். மேலங்கியைக் கிழித்து அக்குளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். மெஷினை நிறுத்த ஒருவனை, வண்டி கொண்டுவர ஒருவனை, துணி எடுக்க ஒருவனைப் பெயர் சொல்லி விரட்டினான். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

முதலாளி ஓடி வந்தார். சங்கிலிக்காரனின் கழுத்தைப் பிடித்து அறைந்த அறையில் அவன் உதடு கிழிந்தது.

"யாருடா உன்னை விடச் சொன்னது?"

"ஒண்ணுன்னு கேட்டுச்சு முதலாளி. இடியண்ணன் குரல்தான்."

தரையில் கிடந்த மச்சான் தலையைத் தூக்கினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "மாப்ளைக்கு என்னங்க தெரியும். காலையில சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. இந்தச் சங்கிலிக்காரன்தான் தூங்கிட்டான்." சொல்லிவிட்டு இடியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிரு என்றது அந்தப் பார்வை. இரண்டு குடும்பத்துச் சோறு அதில் இருந்தது.

ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை போதும். எவனும் சந்தேகப்பட மாட்டான். முதலாளி சங்கிலிக்காரனை மறுபடி அறைந்தார்.

"அவனை விடுங்க முதலாளி," என்றான் இடி. "அவன் சங்கிலியை விட்டது நான் கத்தினதால. கத்தினது, நாலுக்கு அப்புறம் ஒண்ணு வந்ததால. அதுக்கு முன்னாடி நூறுலேருந்து எண்ணிட்டு வந்தேன். மச்சான் அடியில நின்னதை நான் பார்க்கவே இல்ல. எல்லாம் ஞாபகம் இருக்குங்க."

முதலாளி சங்கிலிக்காரனின் கழுத்திலிருந்து கையை எடுத்தார். "ரெண்டு பேரும் இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

வண்டியில் மச்சானின் கையை மடியில் வைத்துக்கொண்டு இடி உட்கார்ந்தான்.

"பாவி, இன்னிக்குத்தானா உனக்குத் தெளியணும்?" என்றான் மச்சான்.

இடி குலுங்கிக் குலுங்கி அழுதான். "விரலை அசைங்க மச்சான். கொஞ்சம் அசைச்சுக் காட்டுங்க."

"அசைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

இடி குனிந்து பார்த்தான். ஒரு விரலும் அசையவில்லை.