கடல் தாண்டாத பந்தாட்டம்

நான் கப்பலேறிச் சிலோனுக்குப் போய்ப் பந்து விளையாடியவள் என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். கப்பலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடலைப் பார்த்தேன், ஒரு வாரம், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. இந்த வயதில் அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது நெட்பால் பழகினேன். கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்பு வளையம், அதில் ஒரு வலை. பந்து கைக்கு வந்தபின் அதோடு ஓடக்கூடாது. நின்ற இடத்திலிருந்தே அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வளையத்தில் போட வேண்டும். வளையத்தில் போடுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். ஆனால் பந்தைத் தலைக்கு மேலே தூக்கியதும் உடம்பெல்லாம் அடங்கிவிடும். அந்த அமைதி எனக்கு ஜெபத்தில்கூடக் கிடைத்ததில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. அம்மா பார்த்தாள். பழைய பனையோலைக் கடகப்பெட்டி ஒன்றின் அடியை அரிவாளால் அறுத்தெடுத்து, கொல்லை வேப்பமரத்தில் உயரமாகக் கட்டிவிட்டாள். பொட்டப்பிள்ளைக்கு என்ன ஆட்டம் என்று கேட்டவர்களிடம், "ஏன், ஒங்க வீட்டுப் பெட்டியையா அறுத்தேன்?" என்பாள். என் வாய் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பள்ளியிறுதி வருஷம், தெற்கத்தி மிஷன் பள்ளிகளிலிருந்து பெண்களைப் பொறுக்கி ஓர் அணியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சிலோன் பெண்களோடு மூன்று ஆட்டம். ஏழு பேரில் நானும் ஒருத்தி. யாருக்காவது முடியாமல் போனால் இறங்குவதற்கு என் வகுப்பிலிருந்த தளவாய்புரத்துப் பெண் எட்டாவதாக வந்தாள். போகிறவர்கள் எல்லாரும் அம்மை குத்திக்கொண்டு சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மா சொல்லிவிட்டார்.

அம்மை குத்துகிறவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் தெருவுக்கு வந்தார். என் இடது கையில் கீறி அம்மைப்பாலைத் தடவி, "காயிற வரைக்கும் தொடப்படாது" என்று சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானவர்கள் நாங்கள். ஆனால் அம்மை என்றால் மட்டும் அம்மாவுக்கு மாரியாத்தாமேல் இருந்த பழைய பயம் வந்துவிடும். யாருக்காவது அம்மை போட்டால் வீட்டுக்குள் ஜெபமும் நடக்கும், வாசலில் வேப்பிலையும் தொங்கும்.

"ஆத்தாள நாமளா வலியக் கூப்பிடுறதா? ஆகாதுட்டி" என்றாள். "அதோட கை வீங்கி காய்ச்சலும் வந்துட்டா அங்க போயி எப்படிப் பந்து போடுவ?"

முதல் காரணத்தை நான் நம்பவில்லை. இரண்டாவது காரணத்துக்காகக் கையை நீட்டினேன். அம்மை குத்திக்கொண்ட ஒருத்தி பத்து நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்ததை விடுதியில் பார்த்திருக்கிறேன். அம்மா அந்த அரைப்பால் அம்மைப்பாலை அழுத்தித் துடைத்தெடுத்தாள். கீறல் இரண்டே நாளில் ஆறி, இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து இருவரும் சிரித்துக்கொண்டோம்.

சிலோனுக்குப் போகிறவர்களைக் கப்பலுக்கு முன்னால், கடற்கரை ஊரான மண்டபத்து முகாமில் இறக்கி டாக்டர் பார்த்தார். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிக்காரர்கள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. நான் சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. "கையைக் காட்டு" என்றார். மற்றவர்கள் கையிலெல்லாம் தழும்பு இருந்தது. என் கை வழுவழுவென்று இருந்தது.

துரைசானியம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தார். ஒரு வாரம் முகாமில் இருந்தாக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். அதற்குள் மூன்று ஆட்டமும் முடிந்துவிடும். எனக்குத் துணையாக, எங்களோடு வந்திருந்த விடுதி அக்காவை விட்டுவிட்டு அணி புறப்பட்டது. என் ஆட்டச் சட்டையைத் தளவாய்புரத்துக்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள், அவளுக்கென்று தைத்திருக்கவில்லை. அவள்மேல் வந்த கோபத்தில் நியாயமே இல்லை, ஆனாலும் வந்தது. முகாமில் எனக்குப் புதிதாக அம்மை குத்தினார்கள். கை வீங்கியது, காய்ச்சல் அடித்தது, எல்லாம் அம்மா சொன்னபடியே. அம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கையை நீட்டியது நான்தான் என்பதை அந்த ஒரு வாரமும் வசதியாக மறந்திருந்தேன்.

அணி திரும்பி வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனது. உண்மையைச் சொல்லிக் கத்தித் தீர்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தபடிதான் வந்தேன். வீட்டுக்கு முன்னால் தெருவே கூடி நின்றது.

"எத்தன கோலு போட்ட?" என்றாள் அம்மா.

"ஒம்பது" என்றேன். அது தளவாய்புரத்துக்காரி போட்டது.

புண்ணைத் தாவணியால் இழுத்து மூடிக்கொண்டேன். அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கொஞ்ச நாளில் ஒன்பது பன்னிரண்டாகிவிட்டது. தளவாய்புரத்துக்காரி அதன்பின் இரண்டு முறை சிலோனுக்குப் போய் விளையாடினாள். நான் வாத்திச்சியாகி, கல்யாணமும் முடிந்து, பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டேன். அம்மா யாரிடமாவது அந்தப் பன்னிரண்டு கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெடுத்தவளுக்குக் கெடுத்தது தெரியவில்லை, பெருமை வேறு என்று எழுந்து போய்விடுவேன்.

யுத்த காலத்தில் என் மகளுக்கு அம்மை குத்தினார்கள். குத்தியவர் போனதும் அம்மா குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்து, அந்தக் கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள். ஓர் ஈயைக்கூட அண்டவிடவில்லை.

"செத்த நேரம் காயட்டும். ஒருத்தரும் தொடப்படாது."

"ஏன், ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சிலோன்ல இருந்து வந்த மறுநாளு நீ தலை காயவைக்கையில பாத்தேன். நான் தொடச்ச எடத்துலயே பச்சைப் புண்ணு. புதுசாக் குத்தி நிப்பாட்டிட்டாவன்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"ஒன்ன வெளையாட விடாமப் பண்ணினவ நான்" என்றாள். "என் வாயாலயாச்சும் வெளையாட வைக்க வேண்டாமா?"

குழந்தையின் கை காய்கிற வரைக்கும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.